நம் வீட்டுச் செலவும் நாட்டுக் கணக்கும்

இல்லந்தோறும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. சில வீடுகளில் அது கோடிட்ட நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. சில வீடுகளில் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் இருக்கிறது. பல வீடுகளில் குடும்பத் தலைவியின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவ்வாறே நாட்டிற்கும் ஒரு வீட்டுச் செலவுக் கணக்கு உண்டு. மக்கள் எதை உண்டார்கள், எதை உடுத்தார்கள், எதற்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அரசினர் வீடு வீடாகச் சென்று கேட்டுத் தொகுக்கும் கணக்கு அது. குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு என்று அதற்குப் பெயர்.

அக்கணக்கெடுப்பின் அறிக்கையில் ஒரு சிறு குறிப்பு உண்டு. இந்திய நாடு முழுவதிலும் கணக்கு எடுக்கப்பட்டது என்றும், அந்தமான் நிக்கோபார் தீவுகளில் சென்று சேர்வதற்கு அரிய சில சிற்றூர்கள் மட்டும் விடுபட்டன என்றும் அக்குறிப்புக் கூறுகிறது. இமயத்தின் பனிமலைச் சாரலும் தார்ப் பாலையின் மணற்பரப்பும் கணக்கில் வந்துவிட்டன. வராது நின்றவை நம் தீவுகளின் சில ஊர்கள் மட்டுமே. கடல் சீறும் மாதங்களில் கப்பல் நெருங்க இயலாத கரைகள் எவை என்பதை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்? ஆகவே இதனைக் குறையென்று நாம் சொல்ல வரவில்லை.

நாம் சொல்ல வந்தது வேறு. எண்ணப்பட்ட ஊர்களிலும், எண்ணப்பட்ட வீடுகளிலும், நம் போன்று பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்து வந்த குடும்பங்களின் செலவில் ஒரு பெரும்பகுதி அக்கணக்கில் ஏறுவதே இல்லை. அது எந்தப் பகுதி, ஏன் ஏறுவதில்லை, அதனால் நமக்கு நேர்வது என்ன என்பதைச் சற்று விளக்கமாக ஈண்டு ஆராய்வோம்.

கணக்கு எடுக்கும் முறை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அதே கருத்தைக் கணித நெறியாக்கி நாட்டிற்குத் தந்தவர் பேராசிரியர் மகலனோபிஸ் அவர்கள். அவருடைய வழிகாட்டுதலில் 1950ஆம் ஆண்டு தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. எல்லா வீடுகளையும் கேளாமல், முறைப்படி தேர்ந்தெடுத்த சில வீடுகளைக் கேட்டு, அதனைக் கொண்டு நாட்டின் நிலையை மதிப்பிடுவது அதன் முறை. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 2023ஆம் ஆண்டு ஜூலை வரை நடந்த கணக்கெடுப்பில் 2,61,746 வீடுகளில் விவரம் கேட்டனர்.

இல்லத்தரசியர் இம்முறையை அறிந்துகொள்ளுதல் நலம். மீன், இறைச்சி, முட்டை, காய்கறி, பழம், எண்ணெய், தின்பண்டம் முதலியவற்றைப் பற்றிக் கேட்கும்போது, கடந்த 7 நாட்களின் செலவைக் கேட்கிறார்கள். அரிசி, பருப்பு, எரிபொருள் முதலியவற்றுக்குக் கடந்த 30 நாட்களின் செலவைக் கேட்கிறார்கள். துணிமணி, காலணி, கல்வி, மருத்துவமனைச் செலவு, நீடித்து உழைக்கும் பொருள்கள் ஆகியவற்றுக்கு ஓராண்டின், அதாவது 365 நாட்களின் செலவைக் கேட்கிறார்கள். அன்றாடம் வாங்கும் பொருளின் விலை ஒரு வாரத்தில் மறந்துபோம். ஆண்டுக்கொரு முறை வாங்கும் பொருளின் விலையோ ஆண்டு முழுவதும் நெஞ்சில் நிற்கும். மனித நினைவின் இயல்பறிந்து வகுத்த முறை இது. முன்னர் ஒரே முறை வந்து எல்லாவற்றையும் கேட்டவர்கள், இம்முறை உணவுக்கு ஒரு தடவையும், அன்றாடப் பொருள்கள் சேவைகளுக்கு ஒரு தடவையும், நீடித்துழைக்கும் பொருள்களுக்கு ஒரு தடவையுமாக, மாதம் ஒன்றாக மூன்று முறை வந்தார்கள். ஆகையால் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிடும்போது சற்று எச்சரிக்கை வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று.

பதினோராண்டில் நேர்ந்த மாறுதல்

இதற்கு முன் வெளிவந்த கணக்கு 2011-12ஆம் ஆண்டினது. இடையில் 2017-18இல் ஒரு கணக்கு எடுக்கப்பட்டது. அதன் தரம் போதாது என்று கூறி அரசினர் அதனை வெளியிடவில்லை. ஆகவே பதினோராண்டு நாடு தன் வீட்டுச் செலவைத் தானே அறியாமல் இருந்தது எனலாம்.

2011-12இல் இந்தியக் கிராமங்களில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு சராசரி 1,430 ரூபாய். நகரங்களில் 2,630 ரூபாய். 2022-23இல் அது கிராமங்களில் 3,773 ரூபாயாகவும், நகரங்களில் 6,459 ரூபாயாகவும் உயர்ந்தது. 2023-24இல் மீண்டும் எடுத்த கணக்கில் 4,122 ரூபாயும் 6,996 ரூபாயும் ஆயிற்று. பதினோராண்டில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு உயர்ந்துவிட்டதே என்று வியப்படைய வேண்டா. விலையுயர்வைக் கழித்துப் பார்த்தல் வேண்டும். 2011-12ஆம் ஆண்டு விலையிலேயே மதிப்பிட்டால் 2022-23இன் செலவு கிராமங்களில் 2,008 ரூபாய், நகரங்களில் 3,510 ரூபாய். அதாவது மக்கள் உண்மையில் பெற்ற பொருள்களின் பெருக்கம் கிராமங்களில் நூற்றுக்கு 40 அளவும், நகரங்களில் 33 அளவுமே. எஞ்சியது விலை தின்றது.

எனினும் இது வளர்ச்சியே என்பதில் ஐயமில்லை. நகரத்தினும் கிராமம் விரைந்து வளர்ந்திருக்கிறது. 2011-12இல் நகரத்தார் கிராமத்தாரைவிட நூற்றுக்கு 84 பங்கு அதிகம் செலவிட்டனர். 2022-23இல் அது 71 பங்காகக் குறைந்தது. ஊரில் நாம் விட்டுவந்த தெருக்களில் ஓடு போய்த் தளம் வந்ததையும், மிதிவண்டி போய் மோட்டார் வண்டி வந்ததையும் கண்டோர்க்கு இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

அரிசி குறைந்தது, பொட்டலம் பெருகிற்று

ஜெர்மனி நாட்டுப் புள்ளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஏங்கல் என்பார் 1857ஆம் ஆண்டு, பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை ஆராய்ந்து ஓர் உண்மையை எடுத்துரைத்தார். குடும்பத்தின் வருவாய் உயர உயர, மொத்தச் செலவில் உணவுக்குச் செல்லும் பங்கு குறையும் என்பதே அது. வயிற்றுக்கு ஓர் அளவு உண்டு. மற்ற ஆசைகளுக்கு அளவில்லை. இவ்வுண்மையை நம் நாட்டுக் கணக்கும் மெய்ப்பிக்கிறது. 1999-2000த்தில் கிராமத்தார் நூறு ரூபாய் செலவிட்டால் அதில் 59 ரூபாய் உணவுக்குப் போயிற்று. 2011-12இல் அது 53 ரூபாய்க்குச் சற்றுக் குறைந்தது. 2022-23இல் 46 ரூபாய் ஆயிற்று. நகரங்களில் 48 ரூபாயாக இருந்தது 39 ரூபாயாகக் குறைந்தது. 2023-24இல் இப்பங்கு இருபாலும் சிறிது ஏறியது.

உணவிற்குள்ளேயே நிகழ்ந்த மாறுதல் இதனினும் பெரிது. அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு 1999-2000த்தில் கிராமத்தார் தம் செலவில் நூற்றுக்கு 22 பங்கு கொடுத்தனர். 2022-23இல் அது 5 பங்கிற்கும் குறைவு. நியாயவிலைக் கடை அரிசி இதற்கு ஒரு காரணம். விலையின்றிக் கிடைத்த அரிசி இந்த எண்ணில் சேரவில்லை. ஆனால் அது மட்டுமே காரணமன்று. தானியத்திற்குக் குறைந்தது பழம், முட்டை, மீன் ஆகியவற்றுக்குப் போயிற்று; இது மகிழத்தக்கது. பானங்கள், சிற்றுண்டி, கடைகளில் ஆயத்தமாக விற்கும் உணவு ஆகியவற்றுக்கும் போயிற்று. இன்று கிராமத்திலும் நகரத்திலும் உணவுச் செலவின் பிரிவுகளில் முதலிடம் பெறுவது இதுவே: கிராமச் செலவில் நூற்றுக்கு 9க்கும் மேல், நகரச் செலவில் 10க்கும் மேல். வீட்டு அடுப்பில் ஆகவேண்டியது பளபளக்கும் பொட்டலத்தில் வருகிறது. அதில் சிறிது வசதியும் உண்டு; பெண்டிர்க்குச் சிறிது ஓய்வும் உண்டு. ஆனால் பள்ளிவிட்டு வரும் குழந்தை கையில் பத்து ரூபாய் உறையுடன் வருமாயின், அவ்வுறையில் உள்ள உருளைக்கிழங்கு எத்தனை, காற்று எத்தனை என்று தாய்மார் ஒரு முறையேனும் எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் தீவுகளின் எண்

இனி நம் கரைக்கு வருவோம். 2022-23ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு கிராமங்களில் 7,332 ரூபாய், நகரத்தில் 10,268 ரூபாய். தமிழ்நாட்டிலோ கிராமங்களில் 5,310 ரூபாய், நகரங்களில் 7,630 ரூபாய். இந்தியாவின் மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் சிக்கிம், சண்டிகர் ஆகிய இரண்டு மட்டுமே நம் தீவுகளுக்கு மேலே நின்றன.

இந்த எண்ணை ஊரிலுள்ள உறவினர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தீவில் பணம் காய்க்கிறது என்று நினைப்பார்கள். மாமனார் நினைப்பார், மைத்துனர் நினைப்பார், கோயில் திருப்பணிக்கு நன்கொடைச் சீட்டு அனுப்புவோரும் நினைப்பார்கள். நால்வர் உள்ள குடும்பம் ஒன்றை எண்ணிக் கொள்வோம். மேற்கண்ட சராசரிப்படி தீவின் நகரில் அக்குடும்பத்தின் மாதச் செலவு 41,072 ரூபாய். தமிழ்நாட்டு நகரில் 30,520 ரூபாய். வேறுபாடு 10,552 ரூபாய். இந்தப் பத்தாயிரத்தைக் கொண்டு தீவுக் குடும்பம் கூடுதலாக உண்டதா, உடுத்ததா, மகிழ்ந்ததா என்பதே கேள்வி.

செலவு வேறு, நுகர்ந்த பொருள் வேறு. ஓர் ஊரின் விலைக்கும் மற்றோர் ஊரின் விலைக்கும் உள்ள வேற்றுமையை இந்த எண்கள் ஈடுசெய்யவில்லை. சென்னையிலிருந்து நம் தலைநகர் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் தொலைவில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறியது. கடலின் தொலைவு மாறவில்லை. அரிசியும் பருப்பும் வெங்காயமும் சிமெண்டும் மருந்தும் கப்பலேறி வருகின்றன. ஹேடோ துறைமுகத்தில் சரக்கிறங்கி, லாரி ஏறி, கடை சேர்ந்து, நம் பைக்குள் விழும் ஒவ்வொரு வெங்காயத்தின் தோலுக்குள்ளும் கப்பற்கூலி ஒளிந்திருக்கிறது. காற்றும் மழையும் கப்பலைத் தாமதப்படுத்தினால் அவ்வாரத்தில் காய்கறிக் கடையில் தக்காளியின் விலை கேட்பவர் மெல்லப் புன்னகை செய்துவிட்டு முருங்கைக்கீரை வாங்கிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். ஷகீத் தீவு என இப்போது வழங்கும் நீல் தீவின் காய்கறியும் நம் கடல் மீனும் கொல்லைத் தேங்காயும் கைகொடுக்கின்றன. எனினும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் பொங்கிய ஆழிப்பேரலை நெல் விளைந்த தாழ்நிலங்கள் பலவற்றை உப்புநீரில் ஆழ்த்திச் சென்றது. சோற்றுக்குப் பெருநிலத்தை எதிர்நோக்கும் நிலை அதன்பின் இன்னும் இறுகிற்று.

மற்றொன்றும் கருதத்தக்கது. சராசரி என்பது எல்லாரையும் ஒரே பலகையில் அமர்த்துவது. மத்திய அரசு ஊழியர்க்குத் தீவுப்பணிக்கென்று தனிப்படி உண்டு. கட்டடக் கூலியாளுக்கும், கடைச் சிப்பந்திக்கும், மீனவர்க்கும், ஆட்டோ ஓட்டுநர்க்கும் அப்படி இல்லை. ஆனால் கடைக்காரர் தராசில் இருவர்க்கும் ஒரே விலைதான். மேலும் சிறிய நிலப்பகுதியில் கேட்கப்படும் வீடுகளின் எண்ணிக்கையும் சிறிதே ஆகும். ஆகவே இத்தகைய எண்ணை ஓர் ஊரின் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல் ஒரு குறிப்பாகவே கொள்ளல் வேண்டும்.

ஏட்டில் ஏறாத செலவு

இனி நாம் முதலிற் குறித்த செய்திக்கு வருவோம். கணக்கெடுப்பாளர் கேட்கும் பட்டியலில் சற்றொப்ப நானூறு பொருள்கள் இருந்தன. உப்பும் உண்டு, ஊறுகாயும் உண்டு, கப்பல் கட்டணமும் விமானக் கட்டணமும் உண்டு, நகையும் உண்டு. ஆனால் நுகர்வுச் செலவென்று கொள்ளப்படாதவை சில உள்ளன. உறவினர்க்கு அனுப்பும் பணம் சேராது. அறத்திற்கும் அன்பளிப்பிற்கும் கொடுத்த பணம் சேராது. ஆதலால் மொய்யும் சேராது. காப்பீட்டுத் தவணை சேராது. கடனுக்குக் கட்டிய வட்டி சேராது. மனை வாங்கிய பணமும் வீடு கட்டிய பணமும் சேரா.

அன்பர்களே! இப்பட்டியலை மீண்டும் ஒரு முறை படித்துப் பாருங்கள். இராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நாம் எதன் பொருட்டுக் கப்பலேறினோமோ, அவையெல்லாம் இதில் அடங்கிவிட்டன அல்லவா? தாய்க்கு மாதாமாதம் அனுப்புவது, தங்கையின் திருமணக் கடனுக்கு வட்டி, ஊரில் எழுப்பிய வீடு, பங்காளி வீட்டுக் காதணி விழாவிற்கு மொய், பிள்ளைகளின் பெயரில் கட்டும் தவணை - இவையே நம் வாழ்வின் நோக்கம். நாட்டுக் கணக்கு நாம் உண்டதை எழுதிக்கொண்டது. நாம் எதற்காக உழைத்தோமோ அதனை எழுதிக்கொள்ளவில்லை.

இதில் புள்ளியியலார் மீது பிழையில்லை. நாம் அனுப்பிய ஆயிரம் ரூபாயை இங்கு ஒரு முறையும், அப்பணத்தைக் கொண்டு நம் தாயார் ஊரில் வாங்கிய அரிசியை அங்கு ஒரு முறையும் எழுதினால், ஒரே பணம் இரு முறை எண்ணப்படும். ஆகவே பணத்தை விடுத்து அரிசியை எண்ணுகிறார்கள். கணக்கு நேர்மையானதே. ஆனால் அதனைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. தமிழ்நாட்டுச் சிற்றூரின் செலவாக எழுதப்பட்ட ரூபாயில் ஒரு பங்கு அந்தமானில் சிந்திய வியர்வை. அந்தமானின் செலவாக எழுதப்பட்ட ரூபாய்க்கு மேல், எழுதப்படாத மற்றொரு சுமையும் நம் தோளில் இருக்கிறது. உயர்ந்த விலைக்கு உண்டு, எஞ்சியதை ஊருக்கு அனுப்பி, அதன்பின் எஞ்சியதே நம்முடையது.

இரு பக்க நோட்டு

நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவரின் இல்லத்தில் ஒரு பழைய கணக்கு நோட்டைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அவர் இளமையில் அரசுத்துறை ஒன்றில் வேலைக்கு வந்தவர். நோட்டின் இடப்பக்கத்தில் 'இங்கு' என்றும் வலப்பக்கத்தில் 'ஊருக்கு' என்றும் தலைப்பிட்டு எழுதியிருந்தார். தொடக்க ஆண்டுகளில் இடப்பக்கத்தில் சில வரிகளே இருந்தன: அரிசி, மண்ணெண்ணெய், சவரம், தபால்தலை. வலப்பக்கம் நிறைந்திருந்தது: மணியார்டர், தம்பி படிப்பு, கிணறு வெட்ட, அம்மா கண் சிகிச்சை.

தாள்களைப் புரட்டப் புரட்ட இடப்பக்கம் வளர்ந்தது. மனைவி மக்கள் வந்தனர்; பள்ளிக் கட்டணம் வந்தது; தொலைக்காட்சி வந்தது; தவணைகள் வந்தன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்து சேர்ந்தபின், ஆளுக்கொரு செல்பேசியும் மாதந்தோறும் அதற்குரிய கட்டணமும் வந்தன. வலப்பக்கம் மெலிந்தது. பெற்றோர் மறைந்தபின் அது பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டிற்கும் என்று இரண்டு வரிகளில் நின்றது.

'ஊருக்கு அனுப்புவது குறைந்ததே, அப்பணம் சேமிப்பாயிற்றா ஐயா?' என்று கேட்டோம். அவர் சற்று நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 'குறைந்தது தெரியும் தம்பி. எங்கே போயிற்று என்பதுதான் தெரியவில்லை. அதற்கு நான் பக்கம் ஒதுக்கவில்லை' என்றார்.

இச்சொல் அவர் ஒருவருடையதன்று. இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21ஆம் ஆண்டு நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 11 பங்கிற்கு மேல் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் செலவிட வழியின்றி மக்கள் கையில் நின்ற பணமும் அதிற் சேரும். 2022-23இல் அது 5 பங்களவிற்கு இறங்கிற்று. கடன் வாங்கி நிலமும் வீடும் வாங்கியோர் பலர். ஆகவே இறங்கியதனைத்தும் வீண்செலவென்று கூறுதல் பொருந்தாது. எனினும் கையில் ரொக்கமாகவும் வங்கியில் இருப்பாகவும் நிற்பது மெலிந்திருக்கிறது என்பது மறுக்கவியலாத உண்மை.

பெருநிலத்துக் குடும்பத்தைவிட நமக்கு இதில் இடர் அதிகம். அரசுக் குடியிருப்பில் வாழ்வோர் ஓய்வு பெற்றபின் அவ்வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அப்போது எங்கே செல்வது? ஊரில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது; பிள்ளைகளோ இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிழைப்பவர்கள். இங்கே வீடில்லை, அங்கே ஆளில்லை. இந்த வினாவிற்கு விடை காணும் பணத்தைத்தான் பொட்டலங்களும் தவணைகளும் சிறுகச் சிறுகக் கொறிக்கின்றன.

செய்யத்தக்கன

குறை கூறி முடித்தல் நம் நோக்கமன்று. ஒவ்வோர் இல்லமும் எளிதிற் செய்யத்தக்க சிலவற்றைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, நோட்டில் இரண்டு பக்கம் போதா, மூன்று வேண்டும். இங்கு, ஊருக்கு, நாளைக்கு என்று மூன்று பத்திகள் இடுக. மாதக் கடைசியில் எஞ்சியதை மூன்றாவது பத்தியில் எழுதலாம் என்று விட்டுவைத்தால் அப்பத்தி என்றும் வெறுமையாகவே இருக்கும். சம்பளமோ கூலியோ கைக்கு வந்த அன்றே, சிறு தொகையாயினும், முதலில் அதனை எழுதுக. நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் சிறுவாட்டுப் பணம் வைத்தது இம்முறையில்தான். அப்பணம் எத்தனை வீடுகளில் பள்ளிக் கட்டணமாகவும் பிரசவச் செலவாகவும் உதவியது என்பதை நாம் அறிவோம். இன்று அஞ்சறைப் பெட்டிக்குப் பதில் அஞ்சலகமும் வங்கியும் இருக்கின்றன.

இரண்டாவது, அரசினர் வகுத்த அதே முறையை வீட்டிலும் கைக்கொள்க. வாரம் ஒரு நாள் அமர்ந்து 7 நாட்களின் காய்கறி, மீன், தின்பண்டச் செலவை எழுதுக. மாதம் ஒரு நாள் 30 நாட்களின் அரிசி, பருப்பு, எரிவாயு, மின்சாரம், செல்பேசிச் செலவை எழுதுக. ஆண்டிற்கு ஒரு நாள், பொங்கலுக்கு முன் ஒரு மாலையில், 365 நாட்களின் துணி, கல்வி, மருத்துவம், பயணம், பொருள் வாங்கிய செலவுகளை எழுதுக. கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுக. வளர்ந்த பிள்ளைகளையும் உடன் இருத்துக. ஊருக்கு ஒரு முறை நால்வர் போய்வர என்ன ஆகிறது என்பதை மகன் தன் கையால் எழுதினால், மறுநாள் புதிய செல்பேசி கேட்குமுன் ஒரு கணம் எண்ணுவான்.

மூன்றாவது, ஊராரிடம் உண்மை பேசுக. இங்குள்ள விலையை மறைத்துப் பெருமை பேசுவதால்தான் எதிர்பார்ப்பு வளர்கிறது. ஊருக்குப் போகும்போது கடன் வாங்கியேனும் பெட்டி நிறையக் கொண்டுபோக வேண்டும் என்னும் வழக்கம் நம்மில் பலரை வாட்டுகிறது. விரலுக்கேற்ற வீக்கம் போதும். தங்கள் பிள்ளை கடனின்றி வாழ்கிறான் என்னும் செய்தியைவிடப் பெற்றோர்க்கு உயர்ந்த பரிசு வேறில்லை.

நான்காவது, கணக்கெடுப்பாளர் வீட்டு வாயிலுக்கு வரும்போது கதவை அடைக்காதீர்கள். கூறினால் வரி வருமோ, ரேஷன் அட்டை போமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். புள்ளியியல் நோக்கத்திற்காகவே விவரம் கேட்கப்படுகிறது. தனியொரு வீட்டின் விவரத்தை வெளியிடாமல் காக்கும் சட்டமும் உண்டு. இக்கணக்கெடுப்பைக் கொண்டே விலைவாசிக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்று வகுக்கிறார்கள். நம் வீட்டில் காய்கறிக்கு ஆகும் உண்மைச் செலவை நாமே மறைத்தால், தீவின் விலைச்சுமையை எடுத்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? 2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி இத்தீவுகளின் மக்களில் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். நாம் வாய் திறந்து சொன்னால் அது சிறு குரலாக இராது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் கூறினர். நாம் போடுவது ஆற்றிலன்று; ஒரு பங்கைக் கடலுக்கு அக்கரையிலும் ஒரு பங்கை இக்கரையிலும் போடுகிறோம். அளப்பதில் நமக்கு இரு மடங்கு கவனம் வேண்டும். நாட்டுக் கணக்கில் ஏறாத பகுதியை நம் வீட்டுக் கணக்கிலாவது ஏற்றுவோம். இந்த மாதம் முதல் தேதியன்று ஒரு நோட்டு வாங்குங்கள். அந்த நோட்டின் விலையையே அதன் முதல் வரியில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு பொங்கல் விழாவில் நாம் கூடும்போது, 'மூன்றாவது பத்தி எப்படி இருக்கிறது?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.